சத்து மாத்திரை என்றொரு பொய்

"இது என்ன மாத்திரைம்மா?"

"சத்து மாத்திரைடா கண்ணு. சாப்பிட்டா படிப்பு நல்லா வரும். டக்குனு முழுங்கு, வேன் வந்துடும்!"

பிள்ளையை மனநல மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்த பல வீடுகளில், காலை நேரத்தில் கேட்கிற பேச்சு இது. இப்படிச் சொல்லும் அம்மா கெட்டவர் இல்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர். ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டு புரண்டு யோசித்துத்தான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்திருப்பார். மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் ஓரிடத்தில் இருக்காது. 'இதைப் போய் ஒன்பது வயசுப் பையன்கிட்ட எப்படிச் சொல்றது? அவன் மனசு உடைஞ்சு போயிடாதா?'

நியாயமான பயம்தான். அந்தப் பயத்தைத்தான் இந்த வாரம் கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

'நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்லையே' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருக்கிறது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பேர். உலக சுகாதார நிறுவனமோ, உலக அளவில் 10 முதல் 19 வயதுக்காரர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்கிறது. உங்கள் வீட்டில் இல்லாவிட்டால், உங்கள் பிள்ளையின் பெஞ்சில் இருக்கலாம்.

சரி... பொய் சொல்லலாமா, கூடாதா?

தமிழர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சட்டென்று வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டுக் கொள்வார்கள். 'குற்றமில்லாத நன்மை விளையும் என்றால் பொய்யையும் மெய்யின் இடத்தில் வைக்கலாம்னு அவரே சொல்லிட்டாரே!' என்பார்கள். உண்மைதான், சொல்லியிருக்கிறார். ஆனால் வாய்மை அதிகாரத்தில் அதற்கு அடுத்த குறளையும் படித்துவிட வேண்டும். மனசுக்குத் தெரிந்தே பொய் சொன்னால், அந்த மனசே பிறகு சுடும் என்கிறார். முதல் குறளிலும் அவர் கறாரான நிபந்தனை ஒன்றைப் போட்டிருக்கிறார். வருகிற நன்மையில் ஒரு பழுதும் இருக்கக் கூடாது!

அந்தத் தராசில் 'சத்து மாத்திரை'யை வைத்துப் பார்ப்போமா?

இன்றைக்குப் பையன் மறுபேச்சில்லாமல் முழுங்கிவிடுகிறான். அது நன்மை. நாளைக்கு? அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது. அட்டையில் இருக்கும் பெயரை உங்கள் போனிலேயே தட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதும். அப்போது அவனுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் தெரியவரும். ஒன்று, தனக்கு ஏதோ இருக்கிறது. இரண்டு, அதை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். முதல் விஷயத்தை அவன் தாங்கிக்கொள்வான். இரண்டாவதுதான் ஆபத்து. 'இவங்களே மறைக்கிறாங்கன்னா, அது வெளியில சொல்லக்கூடாத அளவுக்குக் கேவலமான விஷயமாத்தான் இருக்கும்' என்று அவன் முடிவு கட்டிவிடுவான். எதிலிருந்து அவனைக் காப்பாற்ற நினைத்தீர்களோ, அதை நீங்களே அவன் கையில் கொடுத்ததாகிவிடும்.

'போனே தர மாட்டோம் சார்' என்கிறீர்களா? சரி, தரவேண்டாம். அவன் கண்ணையும் காதையும் என்ன செய்வீர்கள்?

மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாளில் தன்னை மட்டும் லீவு போடவைத்து எங்கேயோ கூட்டிப்போகிறார்கள். அங்கே ஊசி இல்லை, ஸ்டெதஸ்கோப் இல்லை. படம் வரையச் சொல்கிறார்கள், கட்டை அடுக்கச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ராத்திரி சமையலறையில் குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் பேசுகிறார். பாட்டி திடீரென்று திருஷ்டி சுற்றிப் போடுகிறார். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒரு குழந்தை 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று நினைக்குமா?

நாம் சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை சும்மா விடாது. தானே ஒரு கதை கட்டி நிரப்பிக்கொள்ளும். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகள் நியாய அநியாயத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1932ல் ஒரு புத்தகமே எழுதினார். சின்னக் குழந்தைகள், கெட்டது நடந்தால் அது ஏதோ தப்புக்குக் கிடைத்த தண்டனை என்று நம்புகிறார்கள் என்பது அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று. அப்படியென்றால், காரணம் சொல்லப்படாத குழந்தை தனக்குத்தானே என்ன காரணம் சொல்லிக்கொள்ளும்? 'நான் கெட்ட பையன். நான் முட்டாள். என்னாலதான் அம்மா அழறாங்க.'

டாக்டர் சொன்ன பெயர் எவ்வளவு கடினமாக இருந்தாலும், இந்தக் கதையைவிடக் கொடூரமாக இருக்க முடியாது.

இன்னொரு விஷயம் சொல்கிறேன். மனநோய் பற்றியது இல்லை, ரத்தப் புற்றுநோய் பற்றியது. ஆனால் நம் கேள்விக்கு நேராக வந்து சேரும். மைரா புளூபாண்ட் லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், ரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளோடு ஒரு மருத்துவமனையில் நாள்கணக்காக இருந்து கவனித்தார். 1978ல் அது புத்தகமாக வந்தது. அந்தக் குழந்தைகளிடம் பெரியவர்கள் உண்மையைச் சொல்லவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது! மருந்துகளின் பெயர்களை வைத்து, மற்ற குழந்தைகளோடு பேசி, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருந்தார்கள். தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? தெரியாததுபோல நடித்தார்கள். உண்மையைப் பேசினால் அப்பா, அம்மாவால் தாங்க முடியாது, தங்களை விட்டு விலகிப் போய்விடுவார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பெரியவர்கள் நடிக்கிறார்கள். பெரியவர்களைக் காப்பாற்றுவதற்காகக் குழந்தை நடிக்கிறது. நடுவில் நோயோடு அந்தக் குழந்தை தனியாக இருக்கிறது.

பெரியவர்களுக்கே உண்மையைச் சொல்லாத காலமும் இருந்தது. 1961ல் சிகாகோவில் டாக்டர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புகிறோம் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொன்னார்கள். காரணம் கேட்டால், நாம் சொல்கிற அதே காரணம்தான்... 'மனசு உடைஞ்சுபோயிடுவாங்க.' 1979ல் அமெரிக்காவில் அதே மாதிரி இன்னோர் ஆய்வு நடந்தபோது, 97 சதவிகிதம் பேர் சொல்லிவிடுவதே நல்லது என்றார்கள். பதினெட்டே வருஷங்களில் தலைகீழ்! நோயாளிகளுக்குத் திடீரென்று இரும்பு மனசு வந்துவிடவில்லை. 'தாங்க மாட்டார்' என்பதை நோயாளியைக் கேட்காமலே மற்றவர்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பது புரிந்தது, அவ்வளவுதான்.

உண்மையில் யாரால் தாங்க முடியவில்லை? இதை நமக்கு நாமே கேட்டுக்கொள்வது கொஞ்சம் வலிக்கும். ஆனாலும் கேட்டே ஆகவேண்டும். பல வீடுகளில் 'குழந்தை தாங்காது' என்பதற்கு 'என்னால தாங்க முடியலை' என்றுதான் அர்த்தம். 'எங்க பரம்பரையிலேயே இப்படிக் கிடையாது' என்று அப்பா பக்கத்தில் ஒரு குரல். 'வேலைக்குப் போறேன்னு குழந்தையைக் கவனிக்காம விட்டா இப்படித்தான்' என்று இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல். நோயின் பெயரைச் சொன்னாலே யாரோ தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல அம்மாவுக்கு இருக்கிறது.

இந்தக் குற்றச்சாட்டு நம் ஊர் மாமியார்கள் மட்டும் கண்டுபிடித்தது இல்லை. ஆட்டிசம் வருவதற்கு அம்மாவின் பாசம் போதாததுதான் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே பல வருஷங்கள் பேசினார்கள். 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். எத்தனையோ தாய்மார்கள் அதை நம்பி உள்ளுக்குள் செத்துப்போனார்கள். பிறகு அந்தக் கருத்து தப்பு என்று அறிவியல் தூக்கிப் போட்டுவிட்டது. அதனால் பிள்ளையிடம் பேசுவதற்கு முன்னால், கணவனும் மனைவியும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. 'இது உன்னால வந்தது இல்லை. என்னால வந்ததும் இல்லை.' அழவேண்டும் என்றால் அங்கே அழுது முடித்துவிடுங்கள்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

'பேர் வெச்சா அது முத்திரை மாதிரி ஒட்டிக்குமே?' ஒட்டிக்கொள்ளும்தான். 'நீ ஒரு ஏ.டி.ஹெச்.டி. கேஸ்' என்று சொன்னால் ஒட்டிக்கொள்ளும். 'உனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கு' என்று சொன்னால் வேறு. ஆஸ்துமா இருக்கிற பையனை யாராவது 'ஆஸ்துமா' என்று கூப்பிடுகிறோமா? இதில் ஓ.சி.டி.க்கு சிகிச்சை தரும் நிபுணர்கள் அழகாக ஒன்று செய்வார்கள். திரும்பத் திரும்பக் கை கழுவச் சொல்லி மனசுக்குள் நச்சரிக்கும் நோய்க்குக் குழந்தையையே ஒரு பட்டப்பெயர் வைக்கச் சொல்வார்கள். 'தொல்லை மாமா' என்று ஒரு குழந்தை வைத்துவிட்டது என்று வையுங்கள். அதன் பிறகு வீட்டில் சண்டை அம்மாவுக்கும் குழந்தைக்கும் இல்லை. இரண்டு பேரும் ஒரே கட்சி, எதிரே தொல்லை மாமா! பெயர் இல்லாத வரைக்கும், 'எத்தனை தடவைடா கை கழுவுவே' என்று குழந்தைக்குத்தான் திட்டு விழுந்துகொண்டிருக்கும்.

பெயர் சொல்லாமல் விட்டாலும் முத்திரை விழத்தான் செய்யும். 'சோம்பேறி', 'அடங்காப்பிடாரி', 'மக்கு' என்று பள்ளிக்கூடமும் உறவுக்காரர்களும் ஏற்கெனவே குத்தி வைத்திருப்பார்கள். டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்கு 'மக்கு' என்ற பெயருக்குப் பதிலாக அதன் உண்மையான பெயர் கிடைப்பது தண்டனையா, விடுதலையா? 2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்து தியேட்டரில் அழுத பெரியவர்கள் பல பேர். அந்தப் படத்து அப்பாவைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தோம். வீட்டுக்கு வந்து நாமும் அவரைப்போலவேதானே பேசுகிறோம்!

'அப்புறம் அதையே சாக்கா சொல்லுவானே? எனக்கு ஏ.டி.ஹெச்.டி., அதனால ஹோம்வொர்க் பண்ண மாட்டேன்னுவானே?' சொல்வான். கட்டாயம் ஒருநாள் சொல்லிப் பார்ப்பான். அதற்குக் கண்ணாடியை உதாரணம் காட்டுங்கள். 'உனக்குத் தூரத்துல தெரியலைன்னா அது உன் தப்பில்லை. ஆனா கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகு அதைப் போட்டுக்கறது உன் பொறுப்பு.' பத்து நிமிஷம் எழுதிவிட்டு இரண்டு நிமிஷம் ஓடிவிட்டு வரட்டும். ஆனால் ஹோம்வொர்க் முடிய வேண்டும். காரணம் வேறு, சாக்கு வேறு என்பதை உண்மை தெரிந்த குழந்தையிடம்தான் சொல்லித்தர முடியும்.

'ஊருக்குத் தெரிஞ்சா?' இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பயம். சென்னையில் 1794லேயே தொடங்கிய பழைமையான மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, அந்த ஊர்ப் பெயரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். சினிமா காமெடியிலிருந்து ஸ்கூல் வேன் வரைக்கும் அந்தக் கிண்டல் ஓடுகிறது. பயப்படாமல் எப்படி இருக்க முடியும்?

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிள்ளையிடம் சொல்வது வேறு, தெருவிடம் சொல்வது வேறு. அது பிள்ளையின் விஷயம். யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து பேசி முடிவு செய்யலாம். 2017ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமே, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சித்தி, பெரியம்மா, ட்யூஷன் மிஸ், அப்பார்ட்மென்ட் வாக்கிங் தோழி எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரியாத ஒரே ஆள், அந்த விஷயத்துக்குச் சொந்தக்காரரான குழந்தைதான்!

சரி, சொல்லலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எவ்வளவு சொல்வது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். இதற்கு எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. இன்று நீங்கள் சொல்வதோடு நாளை எதையாவது சேர்க்க வேண்டிவரலாம், ஆனால் சொன்னதைத் திருத்த வேண்டிவரக் கூடாது. 'சத்து மாத்திரை' என்று சொன்னால் ஒருநாள் திருத்தியே ஆகவேண்டும். 'உன் கவனம் ஓடிப்போகாம ஓர் இடத்துல நிக்கறதுக்கு இந்த மாத்திரை உதவும்' என்று சொன்னால் திருத்த எதுவும் இல்லை. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். பாதி உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

ஐந்தாறு வயசில் இது போதும்: 'உனக்கு ஓர் இடத்துல உட்கார்றது மத்தவங்களைவிடக் கஷ்டமா இருக்குல்ல? அது உன் தப்பு இல்லை. அதுக்கு உதவி செய்யற டாக்டர்கிட்டதான் போறோம். ஊசி கிடையாது.' முக்கியமான செய்தி நடுவில் இருக்கும் அந்த மூன்று வார்த்தைகள். 'உன் தப்பு இல்லை.'

ஒன்பது, பத்து வயசில் பெயரைச் சொல்லலாம். 'இதுக்கு ஒரு பேர் இருக்கு. உன்னை மாதிரி இன்னும் நிறைய பசங்களுக்கு இருக்கு.' அந்த வயசில், தான் மட்டும் இல்லை என்று தெரிவதே பாதி மருந்து. டாக்டரிடம் போகும்போது அவனே கேட்க மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைக்கு இன்னும் அதிகம் தெரியவேண்டும். மருந்து எப்படி வேலை செய்யும், என்ன பக்கவிளைவு வரலாம், தானாக ஏன் நிறுத்தக் கூடாது... எல்லாம். பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எதற்காகத் தனக்கு மட்டும் கூடுதல் நேரம் என்று தெரியாமல் ஒரு பிள்ளை தேர்வு ஹாலில் உட்கார்ந்திருந்தால், அந்தச் சலுகையே அவமானமாகிவிடும். பதினெட்டு வயசு வரைக்கும் சட்டப்படி முடிவுகள் பெரும்பாலும் உங்கள் கையில்தான். ஆனால் 1989ன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தையின் கருத்தை அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் கேட்க வேண்டும் என்கிறது. இந்தியா 1992ல் அதை ஏற்றுக்கொண்டது. என்னவென்றே தெரியாத விஷயத்தில் ஒரு பிள்ளை என்ன கருத்து சொல்லும்?

மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 'வாழவே பிடிக்கலைன்னு எப்பவாவது தோணுதா?' என்று கேட்டால், அதுவே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். அப்படி விதைப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டால், உள்ளே புழுங்கிக்கொண்டிருப்பதைச் சொல்ல ஒரு வாசல் திறக்கும். பதில் 'ஆமாம்' என்று வந்தால் அதட்டாதீர்கள், தத்துவம் பேசாதீர்கள், தனியாக விடாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். ராத்திரி நேரமாக இருந்தால், 2022ல் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்னும் ஒரு நேர்மை பாக்கி இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. சர்க்கரை நோய் மாதிரி ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து இவற்றைக் கண்டுபிடிப்பதில்லை. பேசி, கவனித்து, வீட்டிலும் பள்ளியிலும் விசாரித்துத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். வளர வளர சில பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மாறலாம். 'இப்போதைக்கு டாக்டர் இப்படித்தான் நினைக்கிறார்' என்று சொல்வதும் உண்மையின் ஒரு பகுதிதான்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒருநாள், விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அந்தக் கேள்வி வரும். "எனக்கு இது சரியாயிடுமாம்மா?"

'ரெண்டே மாசத்துல போயிடும்' என்று வாய் வரைக்கும் வரும். முழுங்கிவிடுங்கள். 'போகாது' என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள். உங்களுக்கு நிஜமாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

"எவ்வளவு நாள் ஆகும்னு எனக்குத் தெரியலைடா. இப்ப இருக்கறதைவிட ஈஸியாக்க நிறைய வழி இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். எது எப்படி ஆனாலும் உன்கிட்ட நான் மறைக்க மாட்டேன். நீயும் என்கிட்ட மறைக்காதே."

இதில் கடைசி வாக்கியத்தைக் கேட்க, முந்தைய வாக்கியத்தைக் காப்பாற்றியவர்களுக்குத்தான் உரிமை உண்டு.